கபாலத்துக்குள் ஒரு கலங்கல்

மழைக்காலத்தில் சென்னைவாசிகள் பேப்பரைப் பிரித்ததும் தேடும் பெட்டிச் செய்தி ஒன்று உண்டு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்: எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர்? சோழவரத்தின் முழுக் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பிக் கால்வாயில் விட்டால் சோழவரம் வந்து சேரும். அங்கிருந்து புழலுக்குப் போகும். வரத்து, போக்கு, மட்டம் ஆகிய மூன்றையும் கண்காணிப்பதுதான் ஏரி காப்பவரின் வேலை. வரத்து நிற்காமல் போக்கு மட்டும் அடைபட்டால் எந்தக் கரையும் தாங்காது.

நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இப்படி ஓர் ஏரி இருக்கிறது. கொள்ளளவு சுமார் 150 மில்லி, டீக்கடை கிளாஸில் ஒன்று. மூளையின் உள்ளறைகளில் பஞ்சு மாதிரித் தொங்கும் ஒரு திசு, இரத்தத்திலிருந்து தெளிந்த நீரை மணிக்கு ஏறத்தாழ 20 மில்லி வீதம் ஊறவைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டர். அதாவது அந்தக் கிளாஸ் தினமும் மூன்று முறைக்கு மேல் காலியாகி நிரம்புகிறது. ஊறிய நீர் அறையிலிருந்து அறைக்கு இறங்கி, ஓரிரு மில்லிமீட்டரே அகலமுள்ள ஒரு வாய்க்காலைக் கடந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடிக் கடைசியில் இரத்தத்திலேயே கலந்துவிடும். மருத்துவர்கள் இதை சி.எஸ்.எஃப். என்பார்கள். நாம் மூளைநீர் என்று வைத்துக்கொள்ளலாம். இதுவும் ஊற்று நிற்காத ஏரிதான். மதகு அடைத்தாலும் ஊற்றுக்கு அது தெரியாது, ஊறிக்கொண்டேயிருக்கும்.

மதகு எப்போது அடைபடும்? சோழவரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். செங்குன்றம், காரனோடை, தச்சூர் கூட்ரோடு, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று ஆந்திர எல்லை வரைக்கும் நீளும் சாலையை இன்றும் பலர் ஜி.என்.டி. ரோடு என்றே சொல்கிறார்கள். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கன்டெய்னர் லாரிகளும், சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு திரும்பும் பைக்குகளும் அங்கே ஒரே தாரைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு காலத்தில் இதே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. அங்கே மணிக்கு நூறு மைலில் பறந்தவர்கள் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். இன்று மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் போகிறவர் அதைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிறார். அடிபட்டு உள்ளே கசிந்த இரத்தம் உறைந்து அந்தச் சின்ன வாய்க்காலை அடைக்கலாம். விபத்தே வேண்டாம், பல வருடம் கவனிக்காமல் விட்ட இரத்தக்கொதிப்பே மூளைக்குள் ஒரு குழாயை வெடிக்கவைத்து அதே வேலையைச் செய்துவிடும்.

அடைபட்டால் ஏன் உயிருக்கு ஆபத்து? வயிற்றில் நீர் கோத்தால் வயிறு உப்பும், கால் வீங்கினால் செருப்பு இறுகும். மண்டை ஓடு உப்பாது. எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்றோ 1783-லும், அவரிடம் படித்த ஜார்ஜ் கெல்லி 1824-லும் சொன்ன கணக்கு இன்றைக்கும் செல்லும்: மூடிய மண்டைக்குள் மூளை, இரத்தம், நீர் மூன்றுக்கும் சேர்த்து இடம் இவ்வளவுதான். மூளை ஏறக்குறைய எண்பது பங்கு, இரத்தம் பத்து, நீர் பத்து. ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தாக வேண்டும்.

செங்குன்றம் ஷேர் ஆட்டோவில் ஏறியவர்களுக்கு இதன் மீதி தெரியும். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றதும் ஆறாவது ஆள் உட்கார்ந்துவிடுவார். ஏழாவது ஆளும் எப்படியோ. எட்டாவது ஆள் ஏறியதும் ஒருவராலும் மூச்சுவிட முடியாது. தலைக்குள்ளும் முதலில் கொஞ்சம் மூளைநீர் தண்டுவடப் பக்கம் தள்ளிக்கொள்ளும், பிறகு சிரை இரத்தம் வழிவிடும். அதுவரை ஆள் பேசிக்கொண்டிருப்பார், வலிக்கிறது என்பார், ஒருமுறை வாந்தி எடுப்பார். அதற்கப்புறம் ஒவ்வொரு மில்லிக்கும் அழுத்தம் செங்குத்தாக ஏறும். படுத்திருக்கும் பெரியவருக்கு இயல்பான மண்டை அழுத்தம் 15 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும். 22-ஐத் தாண்டினால் இறக்கியாக வேண்டும் என்கிறது 2016-இன் தலைக்காய வழிகாட்டி. தாண்டி நின்றால் இதயம் அனுப்பும் இரத்தம் மூளைக்குள் நுழையத் திணறும். இதயம் பதிலுக்கு இன்னும் பலமாக அடிக்கும்: பி.பி. ஏறும், நாடித்துடிப்பு இறங்கும், மூச்சு தாறுமாறாகும். பி.பி. மாத்திரை கொடுத்து இதை இறக்கப் பார்ப்பவர் நோயாளியைக் கொன்றுவிடலாம். மூளை தன் கடைசிப் பிராண வாயுவுக்காகத்தான் அந்தப் பி.பி.யைக் கேட்கிறது.

இந்த நிலையில் செய்யக்கூடிய மிக நேரடியான காரியம், மண்டையில் ஒரு துளையிட்டு உள்ளறையில் மெல்லிய குழாயைச் செருகி நீரை வெளியே விடுவது. பிரான்சின் கிளாட்-நிக்கோலா லெ கா 1744-லேயே இதைச் செய்து பார்த்தார். கிருமி நீக்கிய கருவியோடு 1881-இல் செய்தவர் ஜெர்மனியின் கார்ல் வெர்னிக்கே. 1960-இல் சுவீடனின் நில்ஸ் லுண்ட்பெர்க், குழாயை வைத்து அழுத்தத்தை மணிக்கணக்கில் தாளில் வரைந்து காட்டினார். அந்த வரைபடத்தில் அழுத்தம் மலை மலையாக ஏறி இறங்கியது. இன்று இந்தக் குழாய் முறையின் பெயர் வெளி வடிகால், ஆஸ்பத்திரி வாயில் இ.வி.டி.

எல்லாத் தலைக்காயத்துக்கும் இ.வி.டி. மருந்தல்ல. எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே இரத்தம் கட்டியிருந்தால் ஆபரேஷன் தியேட்டரில் எலும்பைத் திறந்து கட்டியை எடுக்க வேண்டும், வடிகால் அங்கே பிரயோஜனப்படாது. சி.டி. ஸ்கேன் பார்த்துத்தான் எதுவும். ஆனால் உள்ளறையில் நீர் தேங்கி ஆள் நொடிக்கு நொடி மங்குகிறார், தியேட்டரில் வேறொரு தலை திறந்து கிடக்கிறது, வென்டிலேட்டரோடு லிஃப்டில் ஏற்றி இறக்குவதே ஆபத்து என்றால், ஐ.சி.யூ. படுக்கையிலேயே துளையிடுவார்கள். அங்கேதான் இந்தக் கட்டுரையின் நாயகி வருகிறார். சினிமாவில் இந்தக் காட்சியை எடுத்தால் கேமரா டாக்டரின் நெற்றி வியர்வையைக் காட்டும். நான் எடுத்தால் வலப்பக்கம் நிற்கும் ஸ்டாஃப் நர்ஸைக் காட்டுவேன்.

காரணம் எளிது. டாக்டர் கையைக் கழுவிக் கையுறை மாட்டிய கணத்திலிருந்து அவருக்கு உலகம் சுருங்கிவிடும். டிரேயைத் தவிர எதையும் தொட முடியாது. நோயாளியின் முகத்தைப் பச்சைத் துணி மூடியிருக்கும். மானிட்டர் அவருக்குப் பின்னால். அவர் பார்ப்பது உள்ளங்கை அகல உச்சந்தலையை மட்டும். மூக்கின் அடிவேரிலிருந்து பின்னோக்கி 11 சென்டிமீட்டர், நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 3 சென்டிமீட்டர்: பெரும்பாலும் வலப்பக்கத்தில் குறிக்கப்படும் இந்த இடத்துக்குக் கோஹர் புள்ளி என்று பெயர். தைராய்டு ஆய்வுக்காக 1909-இல் நோபல் பரிசு வாங்கிய சுவிஸ் அறுவை மருத்துவர் தியோடர் கோஹரின் பெயர். அங்கே தோலைக் கீறி, எலும்பில் துளையிட்டு, உறையைக் கிழித்து, குழாயை உள்ளே விட வேண்டும். குறி வைப்பது இரண்டு அடையாளங்களை: முன்னாலிருந்து பார்த்தால் அதே பக்கத்துக் கண்ணின் உள்முனை, பக்கத்திலிருந்து பார்த்தால் காதின் முன்மடல். இரண்டையும் துணி மூடிவிட்டது! மனதுக்குள் கோடு போட்டுத்தான் செருகுகிறார். ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்தில் கையில் ஒரு சின்ன விடுபடல் தெரியும், நீர் பீறிடும். ஏழைத் தாண்டி உள்ளே தள்ளக்கூடாது.

அந்தக் கோடு சரியாக இருக்க, தலை ஆடக்கூடாது, சாயக்கூடாது. தலையைப் பிடிப்பது துணிக்குக் கீழே இருக்கும் நர்ஸின் இரண்டு கைகள். எலும்பில் டிரில் இறங்கும்போது அதன் சத்தமும் அதிர்வும் மாறுவதை டாக்டருக்குச் சமமாக அந்தக் கைகளும் உணரும். வெளி எலும்பு கடினம், நடுவில் பஞ்சு மாதிரி இளக்கம், உள்ளெலும்பு மறுபடி கடினம். இன்னொரு நர்ஸ் மானிட்டரையும் மருந்தையும் பார்க்கிறார். ஆக்ஸிஜன் 92-க்கு இறங்கினால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்வது அவர்தான். வலி குறைக்கும் மருந்து தீரப்போகிறது, நோயாளி இருமப்போகிறார் என்பதை அரை நிமிடம் முன்னால் கண்டுபிடிப்பதும் அவர்தான். இருமினால் அழுத்தம் ஏறும், கை நழுவும்.

"சிஸ்டர், மேனிட்டால் முந்நூறு."

"மேனிட்டால் முந்நூறு, போட்டுட்டேன் சார், மணி ரெண்டே பத்து."

சொன்னதைத் திருப்பிச் சொல்லி, செய்ததையும் சொல்வது. பஸ்ஸில் கண்டக்டர் விசில் கொடுத்தால் டிரைவர் எடுப்பது மாதிரி, விசில் வராமல் எடுத்தால் படியில் நிற்கும் ஆள் விழுவார். கேட்க எளிது. பதற்றத்தில் முதலில் காணாமல் போவது இதுதான். பயிற்சியில் இதற்காகவே மணிக்கணக்கில் ஒத்திகை நடக்கிறது. மேனிட்டால் என்பது மூளையிலிருந்து நீரை இரத்தத்துக்கு இழுத்துச் சிறுநீரில் தள்ளும் ஒரு சர்க்கரைக் கரைசல். கிலோ எடைக்கு 1 கிராம் வரை கொடுப்பார்கள். 60 கிலோ ஆளுக்கு 20 சதக் கரைசலில் 300 மில்லி. குளிரில் இது படிகமாகும் குணம் கொண்டது. ஏ.சி. அறையில் வைத்த பாட்டிலில் அடியில் கற்கண்டுத் தூள் மாதிரி நின்றால் அதை அப்படியே ஏற்றக்கூடாது. வெந்நீரில் வைத்துக் கரைத்து, மறுபடி ஆறவிட்டு, வடிகட்டியுள்ள செட்டில் ஏற்ற வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பாட்டிலை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்க்கும் பழக்கம் புத்தகத்தால் வராது.

குழாய் வைத்தாயிற்று, தைத்தாயிற்று, டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த கேஸுக்கு ஓடிவிட்டார். மொத்தம் அரைமணி நேரம். குழாய் இருக்கப்போவது பல நாள். உண்மையான வேலை இப்போதுதான் தொடங்குகிறது.

திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஏரி பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கலங்கல் தெரியும். கரையின் ஓரிடத்தில், கரையைவிடத் தாழ்வாக, கல்லால் கட்டிய வரம்பு. தண்ணீர் அந்த வரம்புக்கு மேல் ஏறினால் தானாக வழிந்துவிடும், வரம்புக்குக் கீழே இருந்தால் ஒரு சொட்டும் போகாது. கதவில்லை, காவலில்லை, உயரம் மட்டுமே சட்டம். இ.வி.டி.யும் அச்சு அசல் கலங்கல்தான். மண்டையிலிருந்து வரும் குழாய், கட்டிலோரக் கம்பத்தில் தொங்கும் ஒரு சொட்டுக்கலனில் போய் முடிகிறது. கலனை எந்த உயரத்தில் கட்டுகிறோமோ அதுதான் வரம்பு. மூளை உள்ளறைக்கு நேரான வெளி அடையாளம் காதின் முன்மடல். அதைச் சுழியம் என்று வைத்து, டாக்டர் சொன்னபடி பத்தோ பதினைந்தோ சென்டிமீட்டர் மேலே கலனை நிறுத்துவார்கள். மண்டை அழுத்தம் அந்த உயரத்தைத் தாண்டினால் நீர் சொட்டும், தாண்டாவிட்டால் நிற்கும்.

இப்போது ஒரு சாதாரணக் காரியம் நடக்கிறது. விடியற்காலை, பெட்ஷீட் மாற்ற வேண்டும். குனிந்து இடுப்பு வலித்த பணியாளர் கட்டிலை ஒரு சாண் உயர்த்துகிறார். தலை ஒரு சாண் மேலே போயிற்று, கலன் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கலங்கலை ஒரு சாண் இடித்துவிட்டது போலத்தான். பத்து சென்டிமீட்டர் நீர் உயரம் என்பது 7 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சற்று மேல். ஒரு சாண் வித்தியாசத்தில் 15-க்கும் மேலே கணக்கு தவறிவிடும். அதாவது இயல்பான அழுத்தம் முழுவதுமே. நீர் சொட்டாமல் ஓடும். சுருங்கும் மூளை உறையை விட்டு விலகும், இடையில் நிற்கும் சின்னச் சிரைகள் அறுந்து புது இரத்தக்கசிவு தொடங்கும். நேர்மாறாகக் கட்டிலைத் தாழ்த்திவிட்டுக் கலனை மறந்தால் வடிகால் இருந்தும் இல்லாத மாதிரி, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கத்தியால் வராத சாவு கட்டில் பிடியால் வரலாம்.

ஆகவே விதி: கட்டிலைத் தொடுமுன், புரட்டுமுன், சளி உறிஞ்சுமுன், ஸ்கேனுக்குத் தள்ளுமுன் குழாயின் பூட்டை மூடு. முடிந்ததும் மட்டம் பார், திற. திறக்க மறப்பது மூட மறப்பதைவிடப் பெரிய குற்றம். மட்டம் பார்ப்பதற்கு லேசர் விளக்கு வைத்த கருவிகள் உண்டு. இல்லாத இடத்தில் என்ன செய்வது? வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் பார்க்கிற டியூப் மட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மாதிரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை அந்தச் சுவரிலும் பிடித்தால் இரண்டு பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அல்லது மேஸ்திரியின் ரசமட்டம், நடுவில் குமிழ். காதுமடலுக்கும் கலனின் சுழியக் கோட்டுக்கும் இடையே அதை நீட்டிப் பிடித்தால் போதும், கண் மதிப்பை மட்டும் நம்பக்கூடாது. கண் மதிப்பில் ஐந்து சென்டிமீட்டர் பிசகுவது சர்வ சாதாரணம்.

கலங்கல் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் இருக்கிறது அல்லவா, தெளிவில்லாத நீர். அதையும் நர்ஸ்தான் பார்க்கிறார். மணிக்கு ஒருமுறை அளவை எழுதும்போது நிறத்தையும் எழுதுகிறார். முதல் நாள் தக்காளிரச நிறம், பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் மஞ்சள், தெளிவு என்று போவது நல்ல திசை. தெளிந்த நீர் மறுபடி கலங்கினால் கிருமி நுழைந்துவிட்டது என்று சந்தேகம். திடீரென்று புது இரத்தச் சிவப்பு வந்தால் உள்ளே மறுபடி கசிவு. சொட்டும் நின்று, குழாயில் நீர்மட்டம் நாடித்துடிப்போடு ஆடுவதும் நின்றுவிட்டால் அடைப்பு. அப்போது சிரிஞ்சு எடுத்துத் தானாக அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்கி டாக்டரைக் கூப்பிட வேண்டும். குழாயை ஒவ்வொரு முறை திறப்பதும் கிருமிக்கு வைக்கும் அழைப்பு. தேவையில்லாமல் திறப்பதில்லை, திறந்தால் முழுச் சுத்தத்தோடுதான் என்ற கட்டுப்பாட்டைக் கறாராகப் பிடித்த மருத்துவமனைகளில் தொற்று கணிசமாகக் குறைந்திருக்கிறது. குழாயின் மேல் கொட்டை எழுத்தில் ஒரு லேபிளும் ஒட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் யாராவது அதை இரத்தக்குழாய் லைன் என்று நினைத்து மருந்து ஏற்றிவிட்டால் மீட்க வழியில்லை.

இதையெல்லாம் எங்கே கற்பது? பெங்களூர் நிமான்ஸில் நரம்பியல் செவிலியத்துக்கென்று ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் உண்டு. நம் மண்ணில் மூளை அறுவை வேரூன்றி முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த வருடம் சென்னைப் பெரியாஸ்பத்திரியில் சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி தொடங்கினார். சி.டி. ஸ்கேன் பிறக்க இருபது வருடம் இருந்த காலம் அது. மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்மணியையும் நாடியையும் பார்த்தே ஊகிக்க வேண்டும், ராத்திரியெல்லாம் அதைப் பார்த்து எழுதுபவர் நர்ஸ். டாக்டர்களின் பெயரைச் சரித்திரம் வைத்திருக்கிறது, அந்த ராத்திரிகளை எழுதி வைத்தவர்களின் பெயரைக் காணோம்.

ஓராண்டு லீவு போட்டுப் படிக்க எல்லாராலும் முடியாது. அதனால் உலகெங்கும் இப்போது வேலை பார்க்கும் வார்டிலேயே அரைநாள், ஒருநாள் ஒத்திகைகள் வந்திருக்கின்றன. விலை உயர்ந்த பொம்மைத்தலை வேண்டும் என்று கட்டாயமில்லை. பிரேசில் மருத்துவர்கள் 2016-இல் மண்டையைத் திறக்கும் முதல் பாடத்துக்குத் தேங்காயைப் பரிந்துரைத்து எழுதினார்கள். ஓடு எலும்பாகிறது, உள்ளிருக்கும் தண்ணீர் மூளைநீராகிறது, சிந்தாமல் வேலை செய்யத் தெரிந்தால் தேர்ச்சி. தேங்காய்க்கு நாம் பிரேசிலிடம் போக வேண்டுமா என்ன! ஒரு தேங்காய், கைடிரில், மெல்லிய குழாய், சலைன் பாட்டில், ரசமட்டம் இவ்வளவு இருந்தால் டிரே அடுக்குவதிலிருந்து மட்டம் பார்ப்பது வரை ஒத்திகை பார்த்துவிடலாம். குழாயைச் சலைனால் நிரப்பும்போது ஒரு காற்றுக்குமிழ் உட்கார்ந்துவிட்டால் மட்டம் பொய் சொல்லும் என்பதை நேரில் பார்த்தவர் மறக்கமாட்டார்.

பயிற்சி பெற்றவரை ஆறாவது மாதம் பிரசவ வார்டுக்கு மாற்றிவிடுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஐ.சி.யூ.வில் ஒரு படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்பது ஏட்டுக் கணக்கு. ராத்திரி ஷிஃப்டில் மூன்று படுக்கை பார்க்கும் ஒருவரிடம் போய் மணிக்கு மணி மட்டம் பார்த்தீர்களா என்று கேட்பது என்ன நியாயம்?

சோழவரத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரியில் யாரும் மண்டையில் துளையிடப் போவதில்லை. 2022 ஜனவரியில் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கியது. ஆனாலும் பெரிய இடத்துக்குப் போய்ச் சேரும்வரை முதல் கண்கள் உள்ளூர் நர்ஸின் கண்கள்தான். அவருக்கு வேண்டிய கருவி ஒரு பென் டார்ச்சும் கிளாஸ்கோ அளவுகோலும். 1974-இல் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் அதை உருவாக்கினார்கள். அடுத்த வருடமே டீஸ்டேல் நர்சுகளின் இதழான 'நர்சிங் டைம்ஸ்'இல் அதைப் பற்றி எழுதினார். யார் கையில் இருக்க வேண்டிய கருவி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, மொத்தம் 15. எட்டோ அதற்குக் கீழோ என்றால் ஆழ்மயக்கம். ஒரு தடவை எடுத்த எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. பத்து மணிக்கு 14, பத்தரைக்கு 11 என்பதுதான் செய்தி. ஒரு பக்கக் கண்மணி மட்டும் விரிந்து டார்ச்சுக்குச் சுருங்கவில்லை என்றால், பிதுங்கும் மூளை அந்தப் பக்கத்து நரம்பை நசுக்கத் தொடங்கிவிட்டது.

கண்ணும் டார்ச்சும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சாட்சி. பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் கடுமையான தலைக்காயம் பட்ட 324 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மண்டைக்குள் அழுத்தமானி, மறு பிரிவுக்கு ஸ்கேனும் விடாத நேரடிக் கவனிப்பும் மட்டும். 2012-இல் முடிவு வெளியானபோது பலர் அதிர்ந்தார்கள். அழுத்தமானி வைத்தவர்கள் மற்றவர்களைவிட மேலாகத் தேறவில்லை. கருவி வீண் என்று இதற்குப் பொருளல்ல. பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கு மணி பார்ப்பது எவ்வளவு பெரிய சிகிச்சை என்பதுதான் பொருள்.

நம் பகுதியில் அந்தக் கவனிப்புக்குத் தனியாக ஓர் இடைஞ்சல் உண்டு. பேச்சுக்கு மதிப்பெண் போடும்போது "உங்க பேர் என்ன? இது எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டால், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ சிப்காட்டுக்கு வந்த பையன் விழிப்பான். குழப்பம் என்று எழுதி ஒரு மதிப்பெண் குறைத்துவிடுவார்கள். நேர்மாறாக, மொழி தெரியாததால்தான் பேசவில்லை என்று விட்டுவிட்டால் மங்கிக்கொண்டிருக்கும் மூளை கண்ணில் படாமல் போகும். "ஆங்க் கோலோ" (கண்ணைத் திற), "நாம் க்யா ஹை" (பேர் என்ன), "ஹாத் உட்டாவோ" (கையைத் தூக்கு) என்று இந்தியில் நாலு வார்த்தையைக் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் தமிழெழுத்தில் எழுதி வைத்தால் தீர்ந்தது. ஆரம்பாக்கம் பக்கத்துக்குத் தெலுங்கும் வேண்டும். தெலுங்கு பேசுபவரிடம் "கள்ளு தெருவு" என்றால் கண்ணைத் திற என்று அர்த்தம். நம் காதில் அது ஏதோ கள்ளுக்கடைத் தெரு மாதிரி விழுந்தாலும் சிரிக்காமல் சொல்லப் பழக வேண்டியதுதான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜி.என்.டி. ரோட்டில் யாராவது தலையில் அடிபட்டு விழுந்திருப்பதைப் பார்த்தால் தூக்கி ஆட்டோவில் உட்காரவைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். உதவி செய்தவரைப் போலீஸோ ஆஸ்பத்திரியோ அலைக்கழிக்கக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. ஆம்புலன்ஸில் வருபவரிடமும் ஆஸ்பத்திரி நர்ஸிடமும் நான்கு விவரம் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு விழுந்தார்? விழுந்த பிறகு ஒரு வார்த்தையாவது பேசினாரா? பையில் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஏதாவது இருந்ததா? என்ன மொழியில் பேசினார்?